காதல் நாவலும் கூறுபட்ட நேரமும்: இணைய யுகத்தின் எழுத்துழைப்புப் பற்றி ஒரு நோக்கு

1

இலக்கியத்தைச் சமூக உற்பத்தியின் ஓர் அம்சமாக நோக்குதல் வேண்டும் என்பது மார்க்சியத் திறனாய்வின் பாலபாடங்களுள் ஒன்று. எனினும், வெகுசன நாவல்களைப் பற்றிப் பேச முற்படும்போது நமது முற்போக்குத் திறனாய்வு அவற்றின் நுகர்வையே பெரிதும் கருத்திற் கொண்டு வந்துள்ளது. காதல் நாவல் வாசகியின் உணர்வை மழுங்கச் செய்கின்றது. வர்க்க முரண்பாட்டைத் திருமணத்திலே தீர்த்து வைக்கின்றது. ஆகவே அது நச்சிலக்கியம் என்பதே வழக்கமான தீர்ப்பாகும். இத்தீர்ப்பிற் பெருமளவு உண்மையுண்டு. ஆயின் அது முழு உண்மையாகாது. அந்நாவலை எழுதுபவர் யார், எத்தகைய நிலைமைகளின் கீழ் எழுதுகிறார், அவரது ஒரு நாட்பொழுது எவ்வாறு கழிகின்றது, அப்பொழுதின் பயன் எவரைச் சென்றடைகின்றது என்னும் வினாக்கள் எழுப்பப்படாதவரை, நாம் பண்டத்தைக் கண்டோமேயன்றி அதனுள் உறைந்துள்ள உழைப்பைக் கண்டவர்களாகோம்.

இக்கட்டுரையில், அமெரிக்காவையும் பிரித்தானியாவையும் களமாகக் கொண்ட ஆங்கிலக் காதல் நாவற்றுறையை எடுத்துக்கொள்கின்றோம். முதலாளித்துவ நூல் உற்பத்தி மிக முதிர்ந்த வடிவில் வெளிப்படும் துறை அதுவாதலின், பிற மொழிகளிற் கருவாக உள்ளவற்றை அங்கு வளர்ந்த நிலையிற் காணலாம். இன்று அத்துறையைச் சார்ந்த எழுத்தாளர் பலரிடமிருந்தும் ஒரேவிதமான முறைப்பாடு எழுகின்றது: இணையம் தமது கவனத்தைச் சிதறடிக்கின்றது, எழுத அமர்ந்தால் எழுத முடியவில்லை, நாள் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இம்முறைப்பாடு பெரும்பாலும் மனவுறுதியின்மையாகவே விளக்கப்படுகின்றது. அதற்குரிய மருந்தாகச் சுயமுன்னேற்ற அறிவுரைகள் வழங்கப்படுகின்றன. கவனச்சிதறல் எனப்படுவதிற் பெரும்பகுதி, முன்னர் வெளியீட்டு நிறுவனம் கூலி கொடுத்துச் செய்வித்த வேலை ஊதியமின்றி எழுத்தாளர் மீது சுமத்தப்பட்டதன் விளைவு என்பதே எமது கருத்தாகும். அதனை நிறுவ முயல்வோம்.

2

எழுத்துழைப்புப் பற்றிச் சிந்திப்பதற்கு மார்க்ஸ் தந்த ஓர் எடுத்துக்காட்டு இங்கு நினைவுகூரத்தக்கது. 1861 முதல் 1863 வரை எழுதப்பெற்ற உபரிப் பெறுமதி பற்றிய கையெழுத்துப்படிகளில், மில்ற்றன் தமது காவியத்தைப் பட்டுப்புழு பட்டு நூற்பதுபோலத் தம் இயல்பின் வெளிப்பாடாகப் படைத்தார் என்றும், பின்னர் அதனை ஐந்து பவுணுக்கு விற்றார் என்றும் அவர் கூறுகிறார். இதற்கு மாறாக, வெளியீட்டாளரின் ஏவலுக்கிணங்க நூல்களை ஆக்கித் தள்ளும் லைப்சிக் நகரத்து எழுத்துப் பாட்டாளியின் உழைப்பு தொடக்கத்திலிருந்தே மூலதனத்துக்குக் கட்டுப்பட்டது. இவ்விருவருக்குமிடையிலான வேறுபாடு திறமை பற்றியதன்று. உற்பத்தி உறவு பற்றியது. காதல் நாவலாசிரியர் இவ்விரண்டாமவரின் வழித்தோன்றல் எனலாம்.

1908 இல் லண்டனில் நிறுவப்பெற்ற மில்ஸ் அன்ட் பூன் நிறுவனம், 1930 களில் வாடகை நூலகங்களை நம்பிக் காதல் நாவல்களிலேயே கவனஞ் செலுத்தலாயிற்று. 1949 இல் கனடாவின் வினிபெக் நகரில் தோன்றிய ஹார்லெகுவின் நிறுவனம், முதலில் அந்நாவல்களை மறுபதிப்புச் செய்து, 1971 இல் மில்ஸ் அன்ட் பூனையே விலைக்கு வாங்கியது. சவர்க்காரமும் சலவைத்தூளும் விற்கும் கொம்பனியொன்றில் விற்பனை அனுபவம் பெற்றவர் அக்காலத்தில் ஹார்லெகுவினின் தலைமையை ஏற்றமை தற்செயலன்று. பேரங்காடித் தட்டுகளில், மாதந்தோறும் ஒரே அளவிலும் ஒரே விலையிலும் அடுக்கப்பட்ட நாவல்களிலே ஆசிரியர் பெயரினும் நிறுவனத்தின் முத்திரையே முதன்மை பெற்றது. வாசகி வாங்கியது இன்னாரின் நாவலையன்று, அம்மாதத்து நாவலை. 2014 இல் இந்நிறுவனம் 455 மில்லியன் கனேடிய டொலருக்கு நியூஸ் கோர்ப்பின் கைக்கு மாறியது.

அக்காலத்தைப் பொற்காலமாகக் காண்பதற்கில்லை. மின்னூல்களின் வருவாயிலே தமக்குரிய பங்கு நிறுவனத்தின் உள்வீட்டு ஒப்பந்தங்களாற் குறைக்கப்பட்டதென ஹார்லெகுவினின் எழுத்தாளர் சிலர் 2012 இல் வழக்குத் தொடுத்தனர். 2016 இல் அது இணக்கத் தீர்வுடன் முடிந்தது. ஆயினும் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். பழைய ஏற்பாட்டில் எழுத்தாளர் எழுதினார். அட்டைப்படம், விளம்பரம், விநியோகம், வாசகர் தொடர்பு ஆகியவற்றை நிறுவனத்தின் ஊழியர் கவனித்தனர். சுரண்டல் இருந்தது, அத்துடன் வேலைப் பிரிவினையும் இருந்தது.

3

2007 நவம்பரில் அமேசன் நிறுவனம் கிண்டில் வாசிப்புக் கருவியையும், எழுத்தாளர் தாமே நூலை வெளியிடுதற்கான வசதியையும் அறிமுகஞ் செய்தபோது, இடைத்தரகர் ஒழிந்தனர் என்ற குரல் எழுந்தது. பதிப்பகங்களாற் பலமுறை திருப்பியனுப்பப்பட்டவர்கள் வாசகரை நேரடியாகச் சென்றடைந்தனர் என்பதும், சிலர் கணிசமான வருவாய் பெற்றனர் என்பதும் மறுக்கவியலாதவை. ஆயின் இடைத்தரகர் ஒழியவில்லை, ஒருவராகத் திரண்டனர். கடை, நூலகம், அச்சகம், விளம்பரப் பலகை ஆகிய யாவும் ஒரே உடைமையாயின. வாசகர் கருத்துரைக்கும் குட்ரீட்ஸ் தளத்தையும் 2013 இல் அந்நிறுவனமே வாங்கிக்கொண்டது.

2014 ஜூலையில் தொடங்கப்பட்ட கிண்டில் அன்லிமிடெட் திட்டம் இவ்வுறவின் உண்மையான இயல்பைத் தெளிவாக்குகின்றது. வாசகர் மாதச் சந்தா செலுத்தி விரும்பிய அளவு நூல்களை வாசிக்கலாம். அதிற் பங்குபற்ற விரும்பும் சுயவெளியீட்டாளர் பொதுவாகத் தமது மின்னூலை 90 நாட்களுக்குப் பிறிதெங்கும் விற்கலாகாது. 2015 ஜூலை முதல், வாசிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கைக்கேற்பக் கொடுப்பனவு நிகழ்கின்றது. மாதந்தோறும் ஒரு தொகையை நிறுவனம் தானே தீர்மானித்து, வாசிக்கப்பட்ட மொத்தப் பக்கங்களால் அதனைப் பிரிக்கின்றது. ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய அரை அமெரிக்கச் சதம். முந்நூறு பக்க நாவலொன்று முழுமையாக வாசிக்கப்பட்டால் ஒன்றரை டொலர் வரை கிட்டும். மாதம் முடிந்த பின்னரே அம்மாதத்துக் கூலி விகிதம் எழுத்தாளருக்குத் தெரியவரும். தாம் செய்துமுடித்த வேலைக்கு என்ன விலை என்பதை அறியாமலே அவர் உழைக்கின்றார்.

1867 இல் வெளியான 'மூலதனம்' முதற்பாகத்திலே துண்டுக்கூலி பற்றி மார்க்ஸ் கூறியவற்றுக்கு இதனினும் பொருத்தமான சான்று கிடைத்தலரிது. துண்டுக்கூலி நிலவுமிடத்துக் கண்காணி தேவையற்றவனாகின்றான். கூலியின் வடிவமே கண்காணிப்பைச் செய்துவிடுகின்றது. தனது வேலைநாளை நீட்டுவதும் வேகத்தைக் கூட்டுவதும் தொழிலாளியின் சொந்த நலன்போலத் தோன்றுகின்றன. சுதந்திரம், தன்னாட்சி, சுயகட்டுப்பாடு என்னும் உணர்வுகள் தொழிலாளரிடை வளர, அவற்றுடன் ஒருவரோடொருவர் போட்டியும் வளர்கின்றது. சுயவெளியீட்டு எழுத்தாளர் தம்மைத் தொழில்முனைவர் என அழைத்துக்கொள்வதன் பொருளியல் அடிப்படை இதுவே.

அத்தகைய ஒருவரின் நாளை, அத்துறையினர் வெளிப்படையாகப் பகிரும் அனுபவங்களைக் கொண்டு பொதுமைப்படுத்திக் கூறலாம். காலையிற் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின் எழுத அமர்கின்றார். அன்றைய இலக்கு இரண்டாயிரம் அல்லது மூவாயிரம் சொற்கள். ஆயின் அதற்குமுன் நேற்று எத்தனை பக்கங்கள் வாசிக்கப்பட்டன என்று வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும். பக்க எண்ணிக்கை சரிந்திருந்தால் விளம்பர ஏலத்திற் கேள்வித்தொகையை மாற்றியாக வேண்டும். முற்பிரதி பெற்ற வாசகர்க்கு நினைவூட்டல், மாதாந்த மடல், முகநூற் குழுவிலே வாசகியர் இட்ட கருத்துகளுக்கு மறுமொழி, அடுத்த அட்டைக்கான படத் தேர்வு, டிக்டொக்கிற்கு ஒரு நிமிடக் காணொளி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பின்னர் கடிகாரத்தை வைத்து இருபத்தைந்து நிமிட ஓட்டமாகச் சொற்களைக் குவிக்கின்றார். இவற்றுள் எது வேலை, எது கவனச்சிதறல்? ஒரே திரையில், ஒரே விரலசைவில் இரண்டும் நிகழ்கின்றன. வாசகியொருத்தியின் அன்பான கருத்துக்கு மறுமொழி எழுதுதல் நட்பா, விற்பனையா என்பதை அவரே அறியார். பல சமயங்களில் அது இரண்டுமாகும்.

4

கவனத்தைக் காத்தல் என்பது எப்போதும் உடைமையோடு தொடர்புடையதாகவே இருந்துள்ளது. 1883 இல் வெளிவந்த தன்வரலாற்றிலே, கடிகாரத்தை முன்வைத்துக் கால்மணிக்கு 250 சொற்களாகத் தாம் எழுதியதை அந்தனி ரொலப் விவரிக்கின்றார். அதிகாலையில் அவரை எழுப்பிக் கோப்பி கொடுப்பதற்கு ஒரு வேலையாள் இருந்தமையும் அதில் இடம்பெறுகின்றது. எழுநூறுக்கு மேற்பட்ட நூல்களின் ஆசிரியையான பார்பரா காற்லண்ட், சாய்ந்திருந்தபடி நாவல்களைச் சொல்லச்சொல்லச் செயலாளர் எழுதிக்கொண்டனர். பெண் எழுத்தாளருக்குத் தனியறையும் வருவாயும் வேண்டுமென 1929 இல் வேர்ஜினியா வூல்ஃப் வற்புறுத்தியதும் இப்பின்னணியிலேயே. பொது அறையில், இடையீடுகளுக்கு நடுவே எழுதவேண்டியிருந்தமையாற் பெண்கள் கவிதையினும் நாவலை நாடியிருக்கலாம் என அவர் ஊகித்தார்.

இன்று தனியறை கிடைத்தவருக்கும் கதவு இல்லை. ஸேடி ஸ்மித் 2012 இல் வெளியான தமது நாவலின் நன்றியுரையில், இணையத்தைத் தடுக்கும் இரு மென்பொருள்களுக்கு நன்றி கூறினார். அவற்றின் பெயர்கள் சுதந்திரம், சுயகட்டுப்பாடு எனப் பொருள்படுவன. துண்டுக்கூலி பற்றி மார்க்ஸ் பயன்படுத்திய அதே சொற்கள் இன்று விற்பனைப் பண்டங்களாயுள்ளன. ஜோனதன் ஃபிரான்சன் தமது கணினியின் இணைய இணைப்பு வாயிலையே பசையிட்டு அடைத்தார். இவர்கள் அவ்வாறு செய்யக்கூடியதாயிருந்தது எதனால்? அவர்களுடைய நூல்களை விற்பதற்குப் பெரும் பதிப்பகங்களின் விளம்பரப் பகுதிகளும் பத்திரிகை மதிப்புரைகளும் இருந்தன. காதல் நாவலாசிரியர் இணைப்பை அறுத்தால் அவரது கடையே மூடப்படும். எனவே, கவனச்சிதறலிலிருந்து விடுபடுதல் என்பது எழுத்தாளரிடையே நிலவும் படிநிலையின் குறியீடாயிற்று.

மூலதனம் வேலைநாளின் இடைவெளிகளை, அதன் நுண்துளைகளை, அடைத்துவிட முனைகின்றது என்றார் மார்க்ஸ். ஆலையில் அது இயந்திரத்தின் வேகத்தால் நிகழ்ந்தது. வீட்டில் எழுதும் பெண்ணுக்கு அது நேர்மாறான வழியில் நிகழ்கின்றது: வீட்டுவேலையின் நுண்துளைகளுக்குள் கூலிவேலை புகுத்தப்படுகின்றது. உலையில் அரிசி கொதிக்கும் ஐந்து நிமிடத்தில் விற்பனை வரைபடம். பிள்ளையை அழைத்துவரக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் வாசகர் மறுமொழி. தானியா மொட்லெஸ்கி 1982 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்னறிவிப்புப் போன்றது. பகல்நேரத் தொலைக்காட்சித் தொடர்களின் துண்டுதுண்டான வடிவம், இடையறாது குறுக்கிடப்படும் இல்லத்தரசியின் வேலையொழுங்குக்கு இசைந்தது என அவர் காட்டினார். அன்று நுகர்வோராகிய பெண்ணின் நேரத்தைப் பற்றிக் கூறப்பட்டது இன்று உற்பத்தியாளராகிய பெண்ணுக்கும் பொருந்துகின்றது.

5

உற்பத்தி நிலைமை இலக்கிய வடிவத்தைப் பாதிக்கும் என்பது புதிய செய்தியன்று. விக்ரோறியா காலத்து ஆங்கில நாவல் மூன்று பாகங்களாக நீண்டமைக்கு வாடகை நூலகங்களின் நலன் காரணமாயிருந்தது. 1894 இல் அந்நூலகங்கள் தமது கொள்கையை மாற்றவே அவ்வடிவமும் விரைவில் மறைந்தது. அமேசனின் சந்தாத் திட்டமும் இத்தகைய சான்று தருகின்றது. தொடக்கத்தில் நூலின் பத்து வீதம் வாசிக்கப்பட்டாலே ஒரு கொடுப்பனவு கிடைத்தது. ஆகவே சிறு துண்டுகளாகக் கதைகளை வெளியிடுதல் இலாபகரமாயிற்று. பக்கக்கூலி வந்ததும் நீண்ட நாவல்களும் முடிவுறாத தொடர்வரிசைகளும் இலாபகரமாயின. சிலர் பழைய கதைகளை நூலின் பின்னே அடைத்துப் பக்கங்களைப் பெருக்கினர். 2018 இல் அதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. வேகத்தின் நெருக்கடி கூலி எழுத்தாளரை அமர்த்துவதற்கும் கருத்துத் திருட்டுக்கும் இட்டுச் சென்றமை, 2019 பெப்ரவரியில் நோரா றொபேர்ட்ஸ் உட்படப் பலரின் நாவற்பகுதிகள் ஒருவரின் நூல்களில் நகலெடுக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டபோது தெரிய வந்தது. இயந்திரத்தால் எழுதப்படும் நூல்கள் பெருகவே, 2023 செப்ரெம்பரில் ஒருவர் நாளொன்றுக்கு மூன்று நூல்களுக்கு மேல் பதிவேற்றலாகாது என அமேசன் வரையறுத்தது. நாளொன்றுக்கு மூன்று நூல் என்பது ஒரு கட்டுப்பாடாகக் கருதப்படும் நிலையே நூல் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியைக் காட்டும்.

எனினும் வடிவத்தினும் ஆழமான ஒன்று இங்குளது. காதல் நாவல் வாசகிக்கு எதனை விற்கின்றது? ஜனிஸ் றாட்வே 1984 இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க நகரொன்றின் வாசகியரோடு உரையாடி எழுதப்பட்டது. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் எந்நேரமும் கவனஞ் செலுத்தும் அப்பெண்கள், வாசிப்பு நேரத்தைத் தமக்கே உரியதென உரிமை கொண்டாடினர். கதையிலோ, நாயகியை முற்றாகக் கவனிக்கும், அவளைப் பேணும் ஓர் ஆணைத் தேடினர். அஃதாவது காதல் நாவலின் உள்ளீடு சிதறாத கவனம் பற்றிய கனவேயாகும். ஒருவர் மற்றொருவரை, வேறெதனையும் பாராது, முழுமையாகப் பார்க்கின்றார் என்பதே அதன் உச்சக் காட்சி. அக்கனவு பொய்யான தீர்வைத் தருகின்றது என்பது உண்மை. கவனிப்பு உழைப்பைச் சமமாகப் பங்கிடும் சமூகத்தைக் கேளாமல், செல்வம் படைத்த நாயகன் ஒருவனை அது கேட்கின்றது. ஆயின் அதன் பின்னாலுள்ள தேவை உண்மையானது.

இத்தகைய கனவு, அக்கவனம் முற்றாக மறுக்கப்பட்ட ஒருவரால், கூறுபட்ட நிமிடங்களில் உற்பத்தி செய்யப்படுகின்றது. எழுதுபவரும் வாசிப்பவரும் ஒரே பற்றாக்குறையின் இரு பக்கங்களில் நிற்கின்றனர். அந்நியமாதல் என்னும் கருத்தாக்கத்தை விளக்குதற்கு ஆலைத் தொழிலாளியையே எப்போதும் நாடும் நாம், இவ்வெடுத்துக்காட்டையும் கருத்திற் கொள்ளல் தகும்.

6

இவ்வெழுத்தாளர்கள் தமது நிலையைச் செயலற்று ஏற்றுக்கொண்டனர் எனக் கூறுவதற்கில்லை. 2018 இல் ஆசிரியை ஒருவர், திமிர் நிறைந்த என்று பொருள்படும் சாதாரண ஆங்கிலச் சொல்லொன்றைத் தமது தொடர்வரிசைக்குரிய வணிகக் குறியாகப் பதிவுசெய்து, அச்சொல்லைத் தலைப்பிற் கொண்ட பிறரின் நூல்களை மாற்றக் கோரினார். பொதுமொழியை வேலியிட்டு அடைக்கும் இம்முயற்சிக்கெதிராக, அதுவரை கவனச்சிதறல் எனப் பழிக்கப்பட்ட அதே இணைய உரையாடல்களின் வழியே எழுத்தாளர் ஒன்றுதிரண்டனர். நியூயோர்க் நீதிமன்றம் அவரது தடைக் கோரிக்கையை நிராகரித்தது. அதே ஆண்டில் அப்பதிவும் கைவிடப்பட்டது. 2020 இன் இறுதியில், ஜோர்ஜியா மாநிலச் செனற் மறுதேர்தலையொட்டி வாக்காளர் உரிமைப் பணிகளுக்கென அவர்கள் ஏலம் நடாத்திப் பல இலட்சம் டொலர் திரட்டினர். அம்மாநில வாக்குரிமை இயக்கத்தில் முன்னின்ற ஸ்ரேசி ஏப்ரம்ஸ் தாமும் புனைபெயரிற் காதல் நாவல்கள் எழுதியவர். ஆக, இணையத் தொடர்பாடல் உழைப்பைச் சுரண்டும் கருவியாயிருக்கும் அதேவேளை உழைப்போர் சந்திக்கும் முற்றமாகவும் உள்ளது. இம்முரண்பாட்டை இயக்கவியல் ரீதியாக நோக்காது, இணையத்தை விட்டு விலகுங்கள் என்று உபதேசிப்பது பயனற்றது.

இம்முற்றத்தின் பலவீனமும் வெளிப்படையானது. 1980 இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம், 2019 டிசெம்பரில் இனவாதம் பற்றிய விமர்சனமொன்றுக்காக உறுப்பினர் ஒருவரைத் தண்டிக்க முற்பட்டுப் பிளவுண்டு, 2024 மே மாதத்தில் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. நிறவேற்றுமையை எதிர்கொள்ளாத தொழிலமைப்பு தொழில் நலனையும் காக்கவியலாது என்பதற்கு இதுவொரு பாடம். 2025 ஜனவரியில் அமெரிக்காவிலே டிக்டொக் சேவை சில மணி நேரம் தடைப்பட்டபோது, ஆண்டுக்கணக்கில் தாம் சேர்த்த வாசகர் வட்டம் தமக்குரியதன்று என்பதைப் பலரும் உணர்ந்திருப்பர். உற்பத்திச் சாதனமாகிய கணினி எழுத்தாளரின் மேசையிலிருப்பினும், வாசகரைச் சென்றடையும் வழி பிறரின் உடைமையாகவே உள்ளது.

இவை தமிழ் எழுத்துலகுக்குப் புறம்பானவையல்ல. 2014 இல் பெங்களூரிலே தொடங்கப்பட்ட பிரதிலிபி தளத்திற் பெருந்தொகையான தமிழ்க் காதற் தொடர்கள் வெளிவருகின்றன. 2016 டிசெம்பர் முதல் கிண்டிலும் தமிழ் நூல்களுக்கு இடந்தருகின்றது. அடுத்த அத்தியாயம் எப்போது என்று கேட்கும் வாசகியரும், சமையலறையிலிருந்து அதற்கு மறுமொழி கூறும் எழுத்தாளரும் நம் மொழியிலும் உருவாகிவிட்டனர். அவர்களின் கதைகளில் வெளிப்படும் சாதியையும் ஆணாதிக்கத்தையும் விமர்சிப்பது நமது கடமை. அதிற் சலுகைக்கு இடமில்லை. அதேவேளை, அவர்களின் பக்கங்கள் எவ்வாறு எண்ணப்படுகின்றன, வருவாய் எவ்வாறு பங்கிடப்படுகின்றது, ஒப்பந்தங்கள் என்ன கூறுகின்றன என்பனவற்றை ஆராய்வதும் திறனாய்வின் பணியேயாகும். பல்கலைக்கழகத் தமிழாய்வு இதுகாறும் இவ்வெழுத்தைப் பெரிதும் பாடத்துக்குரியதாகக் கருதிற்றில்லை எனலாம். முதற்படியாக, இத்தகைய எழுத்தாளர் ஒருவர் ஒரு வாரத்தில் எழுதுதற்குச் செலவிடும் நேரத்தையும், எழுதியதை விற்பதற்குச் செலவிடும் நேரத்தையும் தனித்தனியே கணக்கிடும் எளிய கள ஆய்வுகளை மாணவர் மேற்கொள்ளலாம். அவ்விரு எண்களும் அருகருகே வைக்கப்படும்போது, கவனச்சிதறல் எனப்பட்டதன் உண்மையான பெயர் ஊதியமற்ற உழைப்பு என்பது அவ்வெழுத்தாளருக்கே முதலில் தெளிவாகும்.